வாய் திறக்காத பிள்ளைக்கும் விடை தெரியும்
டீச்சர் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

செப்டம்பர் முதல் வாரம் உன் கையில் வகுப்புப் பட்டியலைக் கொடுப்பார்கள். ஏழாம் வகுப்பு சயின்ஸ், ஐந்து பீரியட், ஒவ்வொன்றிலும் இருபது இருபத்தைந்து பிள்ளைகள். இங்கே நியூ ஜெர்சியில் சில பெயர்களுக்கு எதிரே ‘எம்.எல்.’ என்று இருக்கும். வேறு மாநிலங்களில் ‘ஈ.எல்.’ என்று போடுவார்கள். ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை என்று அர்த்தம். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இப்படிச் சுமார் 50 லட்சம் பேர் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பிள்ளை.

‘நான் சயின்ஸ் டீச்சர்தானே, இது ஈ.எஸ்.எல். டீச்சர் பாடு’ என்று நினைத்துவிடாதே. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லித் தரும் அந்த ஈ.எஸ்.எல். டீச்சரோடு பிள்ளை இருப்பது ஒரு நாளில் ஒரு பீரியட், மிஞ்சினால் இரண்டு. மீதி நேரமெல்லாம் உன்னிடமும் கணக்கு டீச்சரிடமும் சோஷியல் டீச்சரிடமும்தான். அங்கே ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு பீரியட் எதைத் தூக்கி நிறுத்தும்?

சட்டமும் உன் பக்கம் கையை நீட்டத்தான் செய்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசிய சுமார் 1,800 பிள்ளைகளுக்கு மொழி உதவி எதுவும் கொடுக்காமல் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். 1974இல் ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தவறு என்றது. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே டீச்சர் கொடுத்துவிட்டோம் என்பதால் சமமாக நடத்திவிட்டதாக ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். டெக்சஸில் இருந்து வந்த வழக்கில் அதே நீதிமன்றம் 1982இல் கொடுத்த ‘பிளைலர்’ தீர்ப்பு, குடியேற்றத் தாள்கள் இல்லாத பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்றது. அதனால் ஒரு பிள்ளை எப்படி இந்த நாட்டுக்கு வந்தது, அப்பாவுக்கு என்ன விசா என்றெல்லாம் பேச்சுவாக்கில்கூடக் கேட்காதே. நம் ஊர்க்காரர்கள் கூடினாலே விசா பேச்சுதான். வகுப்பு வாசலில் அதைக் கழற்றி வைத்துவிடு.

பட்டியலை முதல் வாரமே ஈ.எஸ்.எல். டீச்சரோடு உட்கார்ந்து படி. எதிரே ஒரே இரண்டு எழுத்து இருப்பதால் எல்லாரும் ஒரே ரகம் என்று தோன்றும். நான்கு பேரை எடுத்துக்கொள். ஒருத்தி போன மாதம் ஹோண்டுராஸில் இருந்து வந்தவள். அங்கே ஆறாம் வகுப்பு வரை ஒழுங்காகப் படித்திருக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி. இன்னொருவன் குவாத்தமாலா. ஃபைலில் ஸ்பானிஷ் என்று போட்டிருக்கும், ஆனால் வீட்டில் பேசுவது கிச்சே என்ற மாயா மொழி. ஸ்பானிஷே அவனுக்கு இரண்டாவதுதான். நடுவில் இரண்டு வருடம் பள்ளியே போகாமல்கூட இருந்திருக்கலாம். மூன்றாமவள் ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவள், தாரி பேசுபவள். வலமிருந்து இடம் எழுதிப் பழகிய கை. நான்காமவன் இதே நியூ ஜெர்சியில் பிறந்தவன். கிண்டர்கார்டனில் இருந்து இந்தப் பட்டியலிலேயே இருக்கிறான். பேஸ்பால் பற்றி உன்னைவிட வேகமாக ஆங்கிலம் பேசுவான், ஒரு பத்தி எழுதச் சொன்னால் பேனா நகராது.

இந்த நான்காமவனைத்தான் நிறைய டீச்சர்கள் தவறாக எடை போடுகிறார்கள். ‘நன்றாகத்தான் பேசுகிறான், சோம்பேறி’ என்று முத்திரை விழுந்துவிடும். டொராண்டோவைச் சேர்ந்த மொழிக் கல்வி ஆராய்ச்சியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். கேன்டீனிலும் மைதானத்திலும் பேசும் ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப் புத்தகத்தின் ஆங்கிலம் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம். தமிழ் மீடியத்தில் நல்ல மார்க் வாங்கி இன்ஜினியரிங் காலேஜ் போனவர்களைக் கேட்டுப் பார், முதல் செமஸ்டர் எப்படிப் போனது என்று சொல்வார்கள். பாடம் தெரியும், புத்தகத்தின் வாக்கியம்தான் முட்டுச்சுவர்.

ஒவ்வொரு பிள்ளையின் ஆங்கில மார்க்கை எங்கே பார்ப்பது என்று கேட்பாய். இங்கே ‘வீடா’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்து நடத்துகிறார்கள், நியூ ஜெர்சி உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. வருடம் ஒரு முறை, குளிர்காலத்தில், ‘ஆக்சஸ்’ என்ற தேர்வு வைப்பார்கள். கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என்று நான்கிலும் ஒன்று முதல் ஆறு வரை நிலை கொடுப்பார்கள். மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதே. பேசுவதில் ஐந்தும் எழுதுவதில் இரண்டும் வாங்கிய பிள்ளைக்குச் சராசரி எண் ஒன்றும் சொல்லாது. நான்கு எண்களையும் தனித்தனியாகக் குறித்து உன் இருக்கை அட்டவணையிலேயே ஒட்டிவைத்துக்கொள். ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தப் பிள்ளையால் என்ன முடியும் என்று அவர்களே அட்டவணை போட்டிருக்கிறார்கள், இலவசம்தான்.

பெயர் விஷயத்தில் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாததால் ‘எஃப்.என்.யூ.’ (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்) என்று கம்ப்யூட்டர் வைத்த பெயரோடு திரிந்த தமிழர்களை உனக்கே தெரியும். லத்தீன் அமெரிக்கப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டு குடும்பப் பெயர் இருக்கும், ஒன்றை வெட்டிவிடாதே. எப்படிச் சொல்வது என்று பிள்ளையிடமே கேட்டு, தமிழில் எழுதி வைத்துக்கொள். ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்தில் பல ஒலிகள் சரியாக நிற்கும்.

வந்த புதிதில் சில பிள்ளைகள் வாயே திறக்காது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். பயந்துபோகாதே, உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பது கொடுமை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுப் பிள்ளையைப் போல உளறிப் பார்க்கும் தைரியம் இருக்காது. ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும், அந்த வருடம் முழுக்க வாய் மூடிக்கொள்ளும். ஆனால் பேச வேண்டாம் என்பதற்காகச் சும்மா உட்கார வைத்துவிடவும் கூடாது. படத்தைச் சுட்டிக் காட்டட்டும், அட்டைகளை வரிசைப்படுத்தட்டும், சின்ன வெள்ளைப் பலகையில் விடையை எழுதித் தூக்கிக் காட்டட்டும். வகுப்பு முழுவதும் பலகையைத் தூக்கும்போது இவள் மட்டும் தனியாகத் தெரியமாட்டாள்.

கேள்வி கேட்டபின் காத்திரு. 1970களில் மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் வகுப்புகளில் அளந்து பார்த்தபோது, கேள்வி கேட்ட டீச்சர்கள் விடைக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கியதும் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஆங்கிலத்தில் கேட்டு, மனதுக்குள் ஸ்பானிஷில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் பிள்ளைக்கு மூன்று நொடியும் போதாது. மனதுக்குள் பத்து வரை எண்ணு. அந்த மௌனம் உனக்குத்தான் சங்கடமாக இருக்கும், பிள்ளைகளுக்கு இல்லை. அதற்குப் பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசவிடு, பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும். பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் இரண்டாம் முறை தடுமாறாது.

‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்கவே கேட்காதே. எல்லாத் தலையும் ஆடும். அது எந்த ஊர் வகுப்பிலும் அப்படித்தான். ‘இப்போது முதலில் என்ன செய்யப் போகிறாய், காட்டு’ என்று கேள்.

அடுத்தது உன் பேச்சு. நம் ஆட்களுக்கு ஆங்கிலம் ரயில் வேகத்தில் வரும். இங்கே வேகத்தைக் குறை, சத்தத்தைக் கூட்டாதே. பிள்ளைக்குக் காது கேட்கிறது. சொல்வதைப் பலகையிலும் எழுது, கையால் காட்டு, ஒரே விஷயத்துக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்து. நீ ஒரு நாள் ‘ஆன்சர்’ என்று சொல்லி மறுநாள் ‘ரெஸ்பான்ஸ்’ என்றால் பிள்ளை இரண்டு வேலை என்று நினைக்கும். இங்கத்திய டீச்சர்கள் மூச்சுக்கு மூச்சு விடும் மரபுத்தொடர்களும் அப்படியே. சுலபம் என்று சொல்ல ‘கேக் துண்டு’ என்பார்கள், பிள்ளை கேக்கைத் தேடும். இன்னொன்று, அழிப்பானை ‘ரப்பர்’ என்று சொல்லித் தொலைக்காதே. ஏழாம் வகுப்பு சிரித்து முடிக்க அந்த பீரியட் போதாது. காரணத்தைச் சக டீச்சரிடம் தனியாகக் கேட்டுக்கொள். ‘எரேசர்’ என்று பழகு. உச்சரிப்பைப் பற்றி மட்டும் கவலையே வேண்டாம். வேற்று மொழி வாசனையோடு ஆங்கிலம் பேசும் பெரியவர் ஒருவர் டீச்சராக நிற்பதைப் பார்ப்பதே அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய தெம்பு.

இனி பாடம். நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான், அதனால் ஒரு பாடத்தை முழுதாகவே சொல்கிறேன். வெப்பம் கடத்தும் பாடம். மூன்று டம்ளர்: நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று, பேப்பர் கப் ஒன்று, தெர்மாகோல் கப் ஒன்று. மூன்றிலும் ஒரே அளவு வெந்நீர், கை பொறுக்கும் சூடு போதும். மேலே அட்டை மூடி போட்டு, தெர்மாமீட்டர் செருகி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் குறிக்க வேண்டும். எது வேகமாக ஆறும், ஏன்?

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் சோதனையைச் செய்ய வை. பெரும்பாலான டீச்சர்கள் முதலில் சொற்பட்டியல், பிறகு பாடம், கடைசியில் லேப் என்று போவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது தலைகீழ். டம்ளரைத் தொட்டுப் பார்த்தபின், ‘கண்டக்டர்’, ‘இன்சுலேட்டர்’ என்ற சொற்களை அந்தந்த டம்ளரில் ஒட்டினால் மறக்காது. பிட்ஸ்பர்க்கின் வாசிப்பு ஆராய்ச்சியாளர் இசபெல் பெக் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார். அன்றாடச் சொல் ஒன்று, பாடத்துக்கே உரிய கலைச்சொல் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் எல்லாப் பாடத்திலும் வரும் சொல் ஒன்று. சயின்ஸ் டீச்சர்கள் கலைச்சொல்லை விழுந்து விழுந்து நடத்துவார்கள். பிள்ளை தடுக்கி விழுவது நடு அடுக்கில்தான். ‘கம்பேர்’, ‘டிக்ரீஸ்’, ‘ரேட்’, ‘எவிடென்ஸ்’ என்ற சொற்களை யாரும் நின்று சொல்லித் தருவதில்லை. ‘டேபிளைப் பார்’ என்றால் மேசையைப் பார்க்கும் பிள்ளை இருக்கிறது. ஒரு பாடத்துக்கு ஐந்து ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம், அதில் பாதி நடு அடுக்காக இருக்கட்டும். ஸ்பானிஷ் பிள்ளைகளுக்கு ‘டெம்பரேச்சர்’, ‘எனர்ஜி’ போன்றவை அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய அதே சொற்கள்தான். நீ எடுத்துக் கொடுத்தால்தான் அவர்களுக்கு அது கண்ணில் படும்.

இந்தச் சோதனையில் இன்னொரு லாபம் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைகள் ஃபாரன்ஹீட்டில் வளர்ந்தவர்கள், சயின்ஸ் வகுப்பில் செல்சியஸ் என்றதும் விழிப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கோ செல்சியஸ் தண்ணீர் பட்ட பாடு. அந்த நாற்பது நிமிடம் அவள் சொல்லித் தரும் இடத்தில் இருப்பாள். இப்படி ஒரு இடத்தைப் பாடத்துக்குப் பாடம் தேடிப் பிடி. பிரேசில் பிள்ளையோ உக்ரைன் பிள்ளையோ 48.5 என்பதற்குப் பதில் 48,5 என்று எழுதினால் தப்புப் போடாதே, அவர்கள் நாட்டில் தசமப் புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளிதான். இங்கத்திய முறையைக் காட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடு.

எழுதும் கட்டம் வரும்போது, கேள்வி எல்லாருக்கும் ஒன்றே. ‘எந்த டம்ளர் வேகமாக ஆறியது, ஏன்?’ தாங்குகோல் மட்டும் வேறு வேறு. முதல் நிலைப் பிள்ளைக்கு மூன்று டம்ளர் படமும் ஐந்து சொற்களும் கொடு. வரைபடம் போட்டுப் பெயர் எழுதி, வெப்பம் போகும் திசையை அம்புக்குறியால் காட்டட்டும். காரணத்தைத் தன் மொழியில் எழுதட்டும், ஒன்றும் குடி முழுகிவிடாது. மூன்றாம் நிலைக்கு வாக்கியச் சட்டம் கொடு: ‘தி ___ கப் கூல்ட் ஃபாஸ்டர் தேன் தி ___ கப் பிகாஸ் ___’. ஐந்தாம் நிலைக்கு ‘பிகாஸ்’, ‘தேர்ஃபோர்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் பலகையில் போட்டால் போதும். பேஸ்பால் பையனுக்கும் இந்தச் சட்டம் வேண்டும். அவனுக்கு அதை ‘விஞ்ஞானிகள் எழுதும் முறை’ என்று வகுப்புக்கே பொதுவாகக் கொடுத்துவிடு, அவமானம் இல்லை. சட்டம் நிரந்தரம் இல்லை என்பதையும் நினைவில் வை. இரண்டு மூன்று பாடம் தாண்டியதும் ஒரு கட்டையை உருவு. மே மாதத்திலும் அதே கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தால் நீ உதவவில்லை, கட்டிப்போட்டிருக்கிறாய்.

என்ன செய்தாலும் ஒன்று மட்டும் வேண்டாம். ஆங்கிலம் வராத பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் வண்ணம் தீட்டும் தாளையும், மூன்றாம் வகுப்புப் படக் கதையையும் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிறார்கள். இரக்கத்தில்தான் செய்கிறார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அந்தப் பிள்ளை இயற்கணிதம் போட்டுவிட்டு வந்திருக்கும். அவள் யோசிக்கும் அளவைக் குறைக்க உனக்கு உரிமை இல்லை. வாக்கியத்தைச் சின்னதாக்கு, படத்தைக் கூட்டு, பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரி, வீடியோவுக்கு எழுத்து ஓடவிட்டு நடுநடுவே நிறுத்து. பாடம் மட்டும் அதே பாடமாக இருக்கட்டும்.

தாய்மொழியை வகுப்பில் தடுக்காதே. இரண்டு ஸ்பானிஷ் பிள்ளைகள் முதலில் தங்கள் மொழியில் விவாதித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினால் விடை கனமாக இருக்கும். நீயே கடினமான கணக்கைத் தமிழில்தானே முணுமுணுக்கிறாய்? ஆனால் நன்றாக ஆங்கிலம் பேசும் ஸ்பானிஷ் பெண்ணைச் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளராக நாள் முழுக்க ஓட்டாதே. அவளுக்கும் படிப்பு இருக்கிறது. தாரி பேசும் பிள்ளை வகுப்பிலேயே தனி, அவளுக்குத் துணை கிடையாது. அங்கேதான் மொழிபெயர்ப்புச் செயலி உதவும். சோதனையின் படிகளையும் வீட்டுக்கு அனுப்பும் குறிப்பையும் செயலியில் போட்டுக் கொடு. அவள் எழுத வேண்டிய பத்தியை அதுவே எழுதித் தர விடாதே. அப்படி வரும் பத்தி வழவழவென்று இருக்கும், அவள் எழுத்து அல்ல என்று பார்த்ததுமே தெரியும். அதற்காகத் திட்டாதே, ‘உன் மூன்று வாக்கியம் எனக்குப் போதும்’ என்று சொல்.

குழு வேலை என்றால் வேலையைப் பிரித்துக் கொடு. இல்லாவிட்டால் பேசத் தெரிந்தவனே எல்லாவற்றையும் செய்துவிடுவான். அளவெடுப்பவர், குறிப்பவர், கேள்வி கேட்பவர், அறிவிப்பவர் என்று வாராவாரம் மாற்று.

பேச்சில் பிழை வந்தால் வகுப்பு நடுவே திருத்தாதே. ‘ஹீட் கோ அவுட்’ என்று அவள் சொன்னால், ‘ஆமாம், தி ஹீட் கோஸ் அவுட், எந்தப் பக்கமாக?’ என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போ. எழுத்திலும் அப்படித்தான். தாள் முழுக்கச் சிவப்பு மை தெளித்தால் எதையும் படிக்காது. இந்த வாரம் கடந்த கால வினை, அடுத்த வாரம் பன்மை என்று ஒன்றை மட்டும் எடு.

மார்க் போடும்போது உன்னை நீயே கேட்டுக்கொள்: நான் அளப்பது வெப்பத்தையா, ஆங்கிலத்தையா? வெப்பம் என்றால் அம்புக்குறி போட்ட படத்துக்கும் முழு மார்க் கொடுக்கலாம். கேள்வித்தாளைத் திருத்து. கணக்கிலும் சயின்ஸிலும் நான்கு வரிக் கதைக்குப் பின்னால் ஒரு வரிக் கேள்வி ஒளிந்திருக்கும். கதையைச் சுருக்கு. கூடுதல் நேரமும் இருமொழி அகராதியும் மாநிலத் தேர்வில்கூட அனுமதி உண்டு, எனவே வகுப்பிலேயே பழக்கிவிடு. அகராதியை மட்டுமே நம்பாதே. நடுவில் பள்ளி விட்டுப்போன அந்தக் குவாத்தமாலா பையனுக்கு ‘இன்சுலேட்டர்’ என்பதன் ஸ்பானிஷ் சொல்லைக் காட்டினாலும் ஒன்றும் விளங்காது, அவன் அதை எந்த மொழியிலும் படித்ததில்லை.

ஒரு பிள்ளை நீண்ட நாளாக முன்னேறவே இல்லை என்றால் கற்றல் குறைபாடோ என்று சந்தேகம் வரும். அவசரப்பட்டும் முடிவு கட்டாதே, ‘ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்’ என்று வருடக்கணக்கில் தள்ளியும் போடாதே. தாய்மொழியில் படிப்பதில், நினைவில் வைப்பதில், சொன்னதைக் கேட்டுச் செய்வதில் சிக்கல் இருந்ததா என்று பெற்றோரிடம் விசாரி. அங்கேயும் இருந்தால் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்.

உனக்கு உண்மையான துணை ஈ.எஸ்.எல். டீச்சர்தான். அவர் உன் வகுப்புக்குள் வந்து சேர்ந்து நடத்தும் நாட்களும் இருக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பாவம், பின் வரிசையில் உதவியாளர் போல நிற்பார். வியாழக்கிழமைக்குள் அடுத்த வாரப் பாடக் குறிப்பை, அரைப் பக்கமாக இருந்தாலும், அனுப்பிவிடு. எந்தச் சொல் தடுக்கும், எந்த வாக்கியச் சட்டம் பொருந்தும் என்று அவர் குறித்து அனுப்புவார். உன் வேலை பாதியாகும்.

பெற்றோரிடம் பேசப் பள்ளி மாவட்டத்தின் மொழிபெயர்ப்பாளரைக் கேள், தொலைபேசி வழியாகவாவது கிடைப்பார். பிள்ளையையே நடுவில் உட்கார வைத்து, ‘உன் அம்மாவிடம் சொல், நீ வீட்டுப்பாடம் செய்வதில்லை என்று’ என்று சொன்னால் அம்மாவுக்கு என்ன போய்ச் சேரும் என்று நீயே யோசித்துப் பார். கூட்டத்துக்கு வராத பெற்றோர் அக்கறை இல்லாதவர் என்று பேசிக்கொள்வார்கள், அதில் நீ சேராதே. இரவு ஷிப்டில் கிடங்கில் பெட்டி அடுக்குபவருக்கு மாலை ஆறு மணி கூட்டம் எப்படிச் சரிப்படும்? முக்கியமாக, ‘வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்’ என்று யாருக்கும் அறிவுரை சொல்லாதே. பெற்றோர் தங்கள் மொழியில் கதை சொல்லட்டும், சண்டை போடட்டும், காரணம் கேட்கட்டும். அரைகுறை ஆங்கிலத்தில் ‘ஈட்’, ‘கோ’, ‘ஸ்லீப்’ என்று பேசினால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் மெலிந்துபோகும்.

இதில் நம்மவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் உனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிடம் சொல். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி என்னவென்று ஒரு படிவம் கொடுப்பார்கள். ஈ.எஸ்.எல்.லில் போட்டுவிடுவார்களோ, பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று பயந்து ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுகிறார்கள் சிலர். அப்படி எழுதினால் பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டாலும் யாருக்கும் தெரியாமலே போகும். தமிழ் என்றே எழுதட்டும். அதனால் மட்டும் எந்தப் பிள்ளையையும் ஈ.எஸ்.எல்.லில் தள்ளிவிட மாட்டார்கள். ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள், ஆங்கிலம் போதுமான அளவு இருந்தால் அதோடு முடிந்தது. உதவி தேவை என்று வந்தால், பள்ளி திறந்த 30 நாளுக்குள் பெற்றோருக்குக் கடிதம் வர வேண்டும். அந்த வகுப்பு வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.